ஹீத்ரோவில் இறங்கி கேட்விக்கில் ஏற 4 மணி நேரம் போதுமா?

கேள்வி: சென்னையிலிருந்து கிளம்பி லண்டன் ஹீத்ரோவில் பகல் 12 மணிக்கு இறங்குகிறோம். அங்கிருந்து ஸ்பெயினின் மலகாவுக்குத் தனி டிக்கெட் போடலாம் என்று இருக்கிறோம். விமானம் லண்டனின் இன்னொரு நிலையமான கேட்விக்கில் மாலை 4.15-க்கு. இரண்டுக்கும் நடுவே 40 கி.மீ. தான் என்று காட்டுகிறது. கையில் ஷெங்கன் சுற்றுலா விசா இருக்கிறது. நேரம் போதுமா?

பதில்: போதாது. ஆனால் நேரத்துக்கு முன்னால் விசாவைப் பேசிவிடலாம். ஒரே விசாவில் போய்வரக்கூடிய ஐரோப்பிய நாடுகளின் கூட்டம்தான் ஷெங்கன்; பிரிட்டன் அதில் இல்லை. விமான நிலையம் மாற வேண்டும் என்றால் நீங்கள் பிரிட்டனுக்குள் நுழைந்தே தீர வேண்டும். இந்திய பாஸ்போர்ட்டுக்கு அதற்குத் தனி விசா தேவை. உங்கள் ஷெங்கன் சுற்றுலா விசா உதவாது. வழியில் விமானம் மாறுபவர்களுக்கான டிரான்சிட் விசாவிலும் இரண்டு வகை உண்டு. குடிவரவைத் தாண்டாமல் உள்ளேயே விமானம் மாறுவதற்கான மலிவான வகையை எடுத்துவிட்டு மாட்டிக்கொள்ளாதீர்கள். வெளியே வர அனுமதிக்கும் வகைதான் உங்களுக்கு வேண்டும். அதில் 48 மணி நேரம் வரை தங்கலாம். விசா இல்லையென்றால் சென்னையிலேயே விமானத்தில் ஏற்ற மாட்டார்கள்.

இனி தூரம். 40 கி.மீ. என்பது நேர்க்கோட்டுக் கணக்கு. சாலையில் சுமார் 65 முதல் 70 கி.மீ. வரும். 1978 முதல் 1986 வரை இந்த இரண்டு நிலையங்களுக்கும் இடையே ஹெலிகாப்டரே ஓடியது, 15 நிமிடப் பயணம். லண்டனைச் சுற்றும் எம்25 நெடுஞ்சாலை வந்ததும் நிறுத்திவிட்டார்கள். இன்று அதே எம்25 நெரிசலில் நிற்பவர்களுக்கு அந்த ஹெலிகாப்டர் நிச்சயம் ஞாபகம் வரும்!

நேரடி ரயில் கிடையாது. பஸ்ஸில் ஒரு மணி முதல் ஒன்றரை மணி நேரம். சாலை மறித்துக்கொண்டால் அதற்கு மேலும். ரயில் என்றால் எலிசபெத் லைனில் ஃபாரிங்டன் வரை போய், அங்கே தேம்ஸ்லிங்க் ரயிலுக்கு மாற வேண்டும். எல்லாம் சேர்த்து ஒன்றரை மணிக்குக் கொஞ்சம் கூட ஆகும், ஆனால் டிராஃபிக் பயம் இல்லை. பெட்டி குறைவு என்றால் நான் ரயிலையே சொல்வேன்.

தனித்தனி டிக்கெட் என்பதால் ஹீத்ரோவில் பெட்டியை எடுத்துக்கொண்டு, கேட்விக்கில் மறுபடி போட வேண்டும். விமானத்தை விட்டு இறங்கி, குடிவரவு வரிசையில் நின்று, பெட்டி வந்து வெளியேற 2 மணி ஆகிவிடலாம். பயணம் ஒன்றரை மணி. அப்போதே 3.30. குறைந்த கட்டண விமானங்களில் பெட்டி வாங்குவதைப் புறப்பாட்டுக்கு 40 நிமிடம் முதல் ஒரு மணி நேரம் முன்பே நிறுத்திவிடுவார்கள். சென்னை விமானம் அரை மணி தாமதமானாலே கதை முடிந்தது. தனி டிக்கெட்டில் அந்த நஷ்டம் முழுக்க உங்கள் தலையில்தான்.

தேடும்போது 'லண்டன்' என்று பொதுவாகப் போட்டால் ஸ்டான்ஸ்டெட், லூட்டன் என்று மற்ற விமான நிலையங்களும் கலந்து வரும். ஹீத்ரோ என்று குறிப்பாகப் போட்டு, அங்கிருந்தே மலகாவுக்கு ஒரே டிக்கெட்டாகக் கிடைக்கிறதா என்று பாருங்கள். கட்டணம் கொஞ்சம் கூடினாலும் பஸ் செலவு, விசா செலவோடு சேர்த்துக் கணக்குப் போடுங்கள்.

கேட்விக்தான் என்று முடிவானால் குறைந்தது 6 மணி இடைவெளி வையுங்கள். அதைவிட, இரவு அங்கேயே தங்கி மறுநாள் காலையில் ஏறுவது நிம்மதி. அறை போடுமுன் உங்கள் விமானம் வடக்கு முனையமா தெற்கு முனையமா என்று பார்த்துவிடுங்கள். தவறிப்போனாலும் பரவாயில்லை, இரண்டுக்கும் நடுவே இலவச ரயில் ஓடுகிறது.