கண்மாய்க் கெளுத்தி: கேள்வி பதில்

கே: கண்மாயில் வலை போட்டவர்களிடம் உயிரோடு ஐந்து நாட்டுக் கெளுத்தி வாங்கி, 3 அடித் தொட்டியில் விட்டேன். பகலில் கண்ணிலேயே படுவதில்லை. கூட விட்ட அயிரைகளில் பாதியைக் காணோம். நோயா?
(வாசகர், மேலூர்)

ப: நோயில்லை. அயிரை கெளுத்தியின் வயிற்றுக்குப் போயிருக்கும். கெளுத்திக்குப் பொழுது விடிவதே இருட்டிய பிறகுதான். நான்கு ஜோடி மீசையால் தரையைத் தடவிக்கொண்டே போய், புழு, இறால் குஞ்சு, வாய்க்கு அடங்கும் மீன் என்று கிடைத்ததை விழுங்கும். அயிரையும் தரையிலேயே கிடப்பதால் சுலபமாக மாட்டிக்கொள்கிறது. மிச்சமிருப்பதை வேறு தொட்டிக்கு மாற்றுங்கள், குழம்புக்கும் ஆகும்.

ஐந்து மீனுக்கு ஆறு மறைவிடம் வையுங்கள். 2 அங்குல பிவிசி குழாயை ஒரு சாண் நீளத்துக்கு நறுக்கி, விளிம்பை உப்புத்தாளால் தேய்த்துப் போட்டால் போதும். ஒளிய இடம் தாராளமாக இருந்தால்தான் பயம் தெளிந்து வெளியே வரும். தரைக்குச் சரளை வேண்டாம். மீசை தேய்ந்து புண்ணாகும். அலசிய ஆற்றுமணல் 2 அங்குலம் போடுங்கள்.

விளக்கை அணைத்து அரை மணி கழித்து, மூழ்கும் தீவனம் போடுங்கள். மிதக்கும் தீவனத்தைக் கெளுத்தி அவ்வளவாகச் சீண்டாது. காலையில் மிச்சம் கிடந்தால் குழாயால் உறிஞ்சி எடுத்துவிட்டு, அன்றிரவு அளவைக் குறையுங்கள். அழுகவிட்டால் அம்மோனியா ஏறும்.

கே: வலையில் கெளுத்தியின் முள் சிக்கிக்கொண்டது, எடுக்கப் போய்க் கையிலும் குத்திவிட்டது.
(வாசகர், உசிலம்பட்டி)

ப: கெளுத்திக்கு மூன்று முள்: முதுகில் ஒன்று, செவுளை ஒட்டிப் பக்கத்துக்கு ஒன்று. பயந்தால் மூன்றையும் விரித்துப் பூட்டிக்கொள்ளும். பக்க முள்ளில் ரம்பப் பல் உண்டு. இழுத்தால் முள் முறியும், வலையைக் கத்தரியுங்கள். அடுத்த முறை வலையே வேண்டாம், பிளாஸ்டிக் டப்பாவால் முகந்து எடுங்கள். அப்போது கேட்கும் ‘கிர்ர்’ சத்தம் முள்ளின் அடி உரசுவதால் வருவது.

குத்திய இடத்தைக் கழுவி, பொறுக்கும் சூட்டில், 45 டிகிரியைத் தாண்டாத வெந்நீரில், 30 முதல் 90 நிமிடம் வையுங்கள். சூடு விஷப் புரதத்தைச் சிதைக்கும். சூட்டைக் குத்தாத கையால் பாருங்கள். மரத்த கைக்குச் சுடுவது தெரியாது. முள் நுனி உள்ளே தங்கினாலோ வீக்கம் ஏறினாலோ மருத்துவரிடம் போங்கள். டெட்டனஸ் ஊசியையும் கேளுங்கள். குத்தியது தேளி (கெளுத்தி போலவே மீசையும் விஷ முள்ளும் உள்ள வேறு மீன்) என்றால் வலி இதைவிடக் கடுமை, தாமதிக்கவே வேண்டாம்.

கே: கெளுத்தித் தொட்டியில் வெண்புள்ளி (உடம்பில் வெள்ளைப் புள்ளி விழும் நோய்) மருந்தைப் பாட்டிலில் சொன்ன அளவே ஊற்றலாமா?
(வாசகர், திருமங்கலம்)

ப: கெளுத்தி செதில் இல்லாத மீன், பாதி அளவில் தொடங்குங்கள். வடிகட்டியில் கரி இருந்தால் எடுத்துவிடுங்கள், மருந்தை உறிஞ்சிவிடும். சித்திரை வெயிலில் தண்ணீர் தானே சூடேறும், ஆக்சிஜன் குறையும். காற்றுக் குழாயை மட்டும் நிறுத்தாதீர்கள்.