பதில்: யூப்பிக் மொழி தேய்வதற்கு எண்ணிக்கை மட்டுமா காரணம்?

"பேசுவோர் குறைவு, அதனால் அழிகிறது" என்று அலாஸ்காவிலும் ரஷ்யாவின் கிழக்குக் கோடியிலும் வாழும் பழங்குடியினரின் மொழியான யூப்பிக்கைப் பற்றிய கட்டுரையில் ஒரே வரியில் முடித்துவிடலாமா என்று கேட்டிருக்கிறீர்கள். வேண்டாங்க.

அலாஸ்காவின் செயின்ட் லாரன்ஸ் தீவையும் எதிர்க்கரையான ரஷ்யாவின் சுகோத்காவையும் பாருங்கள். இரண்டிலும் ஒரே சைபீரிய யூப்பிக், இரு பக்கமும் சிறு கூட்டம்தான். சுகோத்காவில் 1958 வாக்கில் உங்காசிக் ஊரையே காலி செய்து, மக்களை நோவோயே சாப்லினோவில் குடியேற்றினார்கள். விடுதிப் பள்ளியில் பிள்ளைகளுக்கு எல்லாமே ரஷ்ய மொழி. பாட்டி யூப்பிக்கில் கேட்டால் பேரன் ரஷ்ய மொழியில் பதில் சொல்லும் நிலை வந்தது.

தீவிலுள்ள காம்பெல், சவூங்கா ஊர்களில் வேட்டைப் படகிலும் வீட்டிலும் யூப்பிக்தான் ஓடியது. அதனால் அங்கே கூடுதலாகத் தாக்குப்பிடித்தது. இப்போது அங்கும் சின்னப் பிள்ளைகள் ஆங்கிலத்துக்குத் தாவுகிறார்கள். 2014இல் அலாஸ்கா யூப்பிக்கை ஆட்சிமொழிகளில் ஒன்றாக்கியும் இதுதான் கதை. (சட்டத்தில் ஏறினால் அடுப்பங்கரையிலும் ஏறிவிடுமா என்ன?) குடிபெயர்ப்பையும் பள்ளியையும் முதலில் எழுதுங்கள்; எண்ணிக்கை அட்டவணை பின்னால் வரட்டும்.