லேப்டாப் கேமராவுக்கு மூடி போடலாமுங்களா?

போன இதழ்ல போற போக்குல ரெண்டு வரி எழுதிட்டேன், "லேப்டாப் கேமராவ மூடி வெக்கறது நல்லதுதான், ஆனா கண்ட மூடியயும் ஒட்டாதீங்க"ன்னு. அம்புட்டுதான், இந்த வாரம் வந்த கேள்வில பாதிக்கு மேல அந்த மூடி மூடியேதான். பிரிண்டர் கேள்வி, பேட்டரி கேள்வி அனுப்புனவங்க கோவிச்சுக்காதீங்க, அடுத்த வாரம் கட்டாயம் வரும்.

என்ற பொண்ணு கோயமுத்தூர்ல ஹாஸ்டல்ல தங்கிப் படிக்குதுங்க. ரூம்ல லேப்டாப் எந்நேரமும் தொறந்தேதான் கெடக்குது. அந்தக் கேமராவ ஏதாச்சும் வெச்சு மூடு கண்ணுன்னா, "கேமரா ஓடுனா பக்கத்துல லைட் எரியும்மா, எரியலீன்னா ஆஃப்னு அர்த்தம், உனக்கு ஒண்ணும் தெரியாது"ங்குது. நாந்தான் வெட்டியா வெசனப்படறனுங்களா?
*ஈரோட்டுல இருந்து ஒரு அம்மா*

இல்லீங்கம்மா. உங்க பொண்ணு சொல்றது முக்காவாசி சரி, மிச்சம் கால்வாசிலதான் வெவகாரமே இருக்குது. லைட் எரியாம கேமரா ஓடவே ஓடாதுன்னு ஆப்பிள் கம்பெனி அவங்க மேக்புக் லேப்டாப்புக்கு சொல்லுது, அப்படித்தான் செஞ்சிருக்கறதாவும் சொல்லுது. ஆனா அதே ஆப்பிளோட பழைய மாடல்ல, 2008க்கு முந்தி வந்ததுல, கேமராக்குள்ள இருக்கற சின்ன சிப்போட புரோகிராம மாத்தி எழுதி, லைட்ட அணைச்சுட்டு கேமராவ மட்டும் ஓட்டிக் காட்டிட்டாங்க அமெரிக்காவுல ஜான்ஸ் ஹாப்கின்ஸ் யுனிவர்சிட்டில ரெண்டு பேர், அது 2013ல வெளிய வந்துச்சு. மத்த கம்பெனி லேப்டாப்புல லைட்டும் கேமராவும் ஒரே கரண்டுல ஓடுதா, தனித்தனியா ஓடுதான்னு வெளிய இருந்து பாத்து நீங்களோ நானோ சொல்ல முடியாதுங்க.

ஆனா என்னயக் கேட்டா இந்த லைட் பஞ்சாயத்தே ரெண்டாம்பட்சம். லைட் எரிஞ்சாலும் அத யாரு பாக்கறது? கடுகு சைசுல ஒரு புள்ளி, புள்ள கட்டில்ல உக்காந்து தலை சீவிட்டு இருக்கும், லேப்டாப் மேசைல இருக்கும். 2010ல அமெரிக்காவுல பென்சில்வேனியாவுல ஒரு பள்ளிக்கூடம், பசங்களுக்கு குடுத்த லேப்டாப்புல திருட்டுப் போனா கண்டுபுடிக்கன்னு ஒரு சாஃப்ட்வேர் போட்டு வெச்சிருந்துச்சு, அதுல இருந்து பசங்க வீட்டுக்குள்ள இருக்கறப்பவே போட்டோ எடுத்துக்கிட்டு இருந்தது வெளிய வந்து கோர்ட்டுக்குப் போச்சு, கடைசில 6,10,000 டாலர் குடுத்து சமாதானம் பண்ணுனாங்க. அங்க லைட் மின்னத்தான் மின்னுச்சு. பசங்க ஏதோ கோளாறுன்னு நெனச்சு விட்டுட்டாங்க.

இன்னொண்ணு, திருடனே வேண்டாம், நம்ம கையே போதும். மீட்டிங் லிங்க்க அமுக்குனா கேமரா தானா ஆன் ஆகிப் போயிரும், பொறவு முதுகுக்குப் பின்னால துணி காயப்போட்டது, தட்டத்துல சோறு, எல்லாம் ஊரே பாக்கும். 2019ல ஆப்பிளோட மேக் கம்ப்யூட்டர்ல ஜூம் மீட்டிங் ஆப்புல ஒரு ஓட்டை கண்டுபுடிச்சாங்க, ஏதோ ஒரு பக்கத்தத் தொறந்தாலே கேமராவோட மீட்டிங்குக்குள்ள தள்ளி விட்டுரும், அப்புறம் சரி பண்ணிட்டாங்க. ஃபேஸ்புக் சக்கர்பெர்க் 2016ல போட்ட போட்டோவுல பின்னால மேசைல இருந்த லேப்டாப்புல கேமராவுக்கு டேப்பு ஒட்டியிருந்தத ஊரே பாத்துச்சு. அதே வருசம் அமெரிக்காவோட புலனாய்வு போலீசு எஃப்பிஐக்குத் தலைவரா இருந்த ஜேம்ஸ் கோமியும் நானும் ஒட்டியிருக்கேன்னு மேடைலயே சொன்னாரு. அதனால பொண்ணுகிட்ட சண்டை போடாதீங்க, மூடி வாங்கிக் குடுங்க. எந்த மூடிங்கறத கீழ திருப்பூர்க்காரருக்குச் சொல்றதப் படிச்சுட்டு வாங்குங்க, இல்லீன்னா செலவு வேற பக்கம் வந்துரும்.

பனியன் கம்பெனில மெர்ச்சண்டைசருங்க. பையர் கூட டெய்லி வீடியோ கால். மேக்புக் ஏர்ல ஆன்லைன்ல வாங்குன, தள்ளித் தொறந்து மூடற ஸ்லைடர் மூடி ஒட்டி ஆறு மாசம் ஓட்டுனேன். ஒரு நா காலைல தொறந்தா கேமராக்குக் கீழ இருந்து நெடுக்க விரிசல், பாதி ஸ்கிரீன் கருப்பு. கீழ போடவே இல்லீங்க, சத்தியமா. சர்வீஸ்ல மூடியாலதான்னு சொல்லி வாரண்டி இல்லீன்னுட்டாங்க. நகக்கண்ணு அளவு பிளாஸ்டிக்கு எப்படிங்க கண்ணாடிய ஒடைக்கும்?
*திருப்பூர்*

ஒடைக்குமுங்க. மனசு சங்கடமாத்தான் இருக்குது, ஆனா சர்வீஸ்ல சொன்னது சரிதான். என்ற கடைக்கே இந்த மாதிரி நாலஞ்சு வந்துருச்சு, எல்லாமே ஒரே மாதிரி விரிசல், கேமராகிட்ட ஆரம்பிச்சு கீழ எறங்கும்.

எப்படின்னு கேளுங்க. இப்ப வர்ற லேப்டாப்பெல்லாம் மெலிசு பண்ணி மெலிசு பண்ணி, மூடுனா ஸ்கிரீனுக்கும் கீபோர்டு பக்கத்துக்கும் நடுவால இருக்கற சந்து ஒரு பேப்பரு ரெண்டு பேப்பரு அளவுதான். நீங்க வாங்குன ஸ்லைடர் "அல்ட்ரா ஸ்லிம்"னு போட்டிருக்கும், அதுவே 0.7 மில்லிமீட்டர் கிட்ட இருக்கும். பேப்பர் ஒரு தாள் 0.1 மில்லிமீட்டர். அப்ப ஏழு தாள் தடிமன ஒரே எடத்துல வெச்சு மூடறீங்க. ரெண்டு பக்கமும் ஒக்காரும், நடுவால மட்டும் கல்லு வெச்சாப்புல தூக்கி நிக்கும். சும்மா மேசைல கெடந்தாக்கூட தாங்கிருமுங்க. அத பேக்குல போட்டு, கூடவே டிபன் பாக்ஸும் சாம்பிள் துணியும் திணிச்சு, பஸ்ல மடில வெச்சு மேல கைய ஊனிட்டுத் தூங்குனா அந்த பாரம் பூராவும் அந்த ஒரு புள்ளில எறங்கும். கண்ணாடி தாங்காது.

2020 ஜூலைல ஆப்பிளே இதப்பத்தி எழுதி வெச்சிருச்சு. கேமராவுல மூடி வெச்சுக்கிட்டு மேக்புக்க மூடாதீங்க, கேமராவ மறைச்சே ஆகணும்னா மூடி சாதா பிரிண்டர் பேப்பர் தடிமனுக்கு, அதாவது 0.1 மில்லிமீட்டருக்கு மேல போகக்கூடாது, கழட்டுனா பசை ஒட்டிக்கிட்டு நிக்கக் கூடாதுன்னு. அதுக்கும் மேல தடியா இருந்தா லேப்டாப்ப மூடறதுக்கு முந்தி கழட்டிருங்கன்னு. விக்கறவன் டப்பாவுல இதயெல்லாம் போடுவானுங்களா. பக்கத்துலயே வெளிச்சத்த அளக்கற சென்சாரும் இருக்குது, மூடி அதயும் மறைச்சா ஸ்கிரீன் வெளிச்சம் தன்னால கூடறது கொறையறதெல்லாம் ஏடாகூடமாப் போயிரும்.

சரி, மத்தவங்களுக்காவது ஆகட்டும். வாங்கறதுக்கு முந்தி உங்க லேப்டாப்புல சந்து எவ்வளவு இருக்குதுன்னு பாத்துக்குங்க. ஏ4 பேப்பர வெரல் அகலத்துக்கு கிழிச்சு ஏழெட்டு துண்டு வெச்சுக்குங்க. மொதல்ல ஒரு துண்ட கேமரா இருக்கற எடத்துல நீட்டி வெச்சு, ஸ்கிரீன அதும் பாரத்துலயே மெதுவா எறக்குங்க, அமுக்கவே கூடாது. துண்ட இழுங்க. சும்மா வழுக்கிட்டு வந்தா ரெண்டு வெச்சுப் பாருங்க, மூணு வெச்சுப் பாருங்க. இழுக்கறப்ப புடிச்சுச்சுன்னா அங்கயே நிறுத்திருங்க, அதுல பாதித் தடிமனுக்கு மேல எதயும் ஒட்டாதீங்கங்கறது என்ற கணக்கு, ஏன்னா பேக்குல போட்டா அமுங்கும்ல. ஒத்தத் துண்டே புடிச்சா ஸ்லைடர் ஆசைய விட்டுருங்க.

இன்னொரு அடையாளம். ஸ்கிரீன அணைச்சுட்டு வெளிச்சத்துல சாய்ச்சுப் பாருங்க, கீபோர்டு கட்டம் கட்டமா எண்ணெய் புடிச்சாப்புல தெரியுதா? அப்ப மூடறப்பெல்லாம் கீ போயி ஸ்கிரீன்ல ஒரசுதுன்னு அர்த்தம். சந்தே இல்ல.

தடியான பழைய லேப்டாப், சுத்தி ரப்பர் வரம்பு கட்டி ஸ்கிரீன் உள்ள பதிஞ்சு இருக்குமே, அதுக்கு ஸ்லைடர் தாராளமாப் போடலாம். மேசைல தனியா வெக்கற யுஎஸ்பி கேமராவுக்கு ஒண்ணுமே வேண்டாம், வொயர உருவி விட்டாப் போச்சு, அதுக்கும் மேல ஒரு பூட்டு உலகத்துல இல்லீங்க.

ஏற்கெனவே ஒட்டுனவங்க அவசரப்பட்டு கத்தி, ஸ்க்ரூடிரைவர் வெச்சு நெம்பாதீங்க. பூ கட்டற நூல் ஒரு மொழம் எடுத்து, மூடிக்கும் கண்ணாடிக்கும் நடுவால விட்டு ரம்பம் ஓட்டறாப்புல இங்கிட்டும் அங்கிட்டும் இழுங்க, பசை அறுந்து கழண்டு வந்துரும். மிச்சப் பசைய வெரல்லயே உருட்டி எடுத்துட்டு கண்ணாடி தொடைக்கற துணில தொடைங்க. தின்னர், நெயில் பாலிஷ் ரிமூவர் பக்கமே போகாதீங்க.

ஓய்வு பெற்ற ஆசிரியை நான். பென்ஷன் வேலைக்கும் வெளிநாட்டுல இருக்கற மகன்கூட பேசவும் லேப்டாப். கேமராமேல கருப்பு ஸ்டிக்கர் பொட்டு ஒட்டியிருக்கேன். பேரன் விழுந்து விழுந்து சிரிக்கிறான். தப்பா?
*கோபிசெட்டிபாளையம்*

பேரனுக்கு என்னங்க தெரியும், அளவெடுத்து செஞ்சாப்புல இருக்குமே டீச்சர்! வெலையும் கம்மி. கொறைன்னு பாத்தா பசைதான். நம்மூரு சித்திர வெயிலுக்கு அது எளகி கேமரா கண்ணாடில அப்பிக்கும், பொறவு மகனுக்கு நீங்க பனி மூட்டத்துக்குள்ள இருந்து பேசறாப்புலதான் தெரிவீங்க. வெல்வெட்டு பொட்டு கொஞ்சம் தடிமனும் கூட, மெலிசான லேப்டாப்புக்கு ஆகாது.

ஆபீஸ்ல மஞ்சக் கலர்ல ஒட்டி எடுக்கற சீட்டு இருக்குமுங்களே, அதுல பசை இருக்கற ஓரத்த மட்டும் அரை இஞ்சுக்கு வெட்டிக்குங்க. கேமரா மேல ஒட்டறப்ப பசை கண்ணாடிக்கு நேரா வராம கொஞ்சம் மேல தள்ளி ஒட்டுங்க, கீழ்நுனி மட்டும் கேமராவ மறைக்கட்டும். வெளிச்சம் ஊடுருவுதுன்னா நுனில கருப்பு மை பூசிருங்க. பேசறப்ப தூக்கி விடுங்க, பேசி முடிஞ்சா எறக்கி விடுங்க. பசை போச்சுன்னா வேற சீட்டு. நான் ஏழெட்டு வகை மூடி பாத்துட்டு கடைசில இதுக்கே வந்து நிக்கறேன், என்ற லேப்டாப்புலயும் இதுதான்.

இன்சுலேசன் டேப்பு மட்டும் வேண்டவே வேண்டாம், பிசுபிசுன்னு புடிச்சு உயிர எடுத்துரும்.

புது லேப்டாப் வாங்கி பத்து நாள்தான் ஆச்சு. எந்த மீட்டிங் போனாலும் என்ற மூஞ்சி வர வேண்டிய கட்டம் வெறும் கருப்பா இருக்குது. கேமராவ ஓட்டற டிரைவர் சாஃப்ட்வேர மூணு தடவ போட்டுட்டேன், விண்டோஸே புதுசா போட்டாச்சு. கடைக்காரர் மாத்தித் தரமாட்டேங்கறாரு.
*பவானி*

தம்பி, ஸ்கிரீனோட மேல் வெளிம்ப நகத்துல தடவிப் பாரு. கேமராவுக்கு மேல சின்னதா ஒரு மேடு தட்டுப்படும், அத ஒரு பக்கமா தள்ளு. சிரிக்கல, சத்தியமா சிரிக்கல, இதே சமாச்சாரத்துக்கு சத்தியமங்கலத்துல இருந்து பஸ் ஏறி ஒருத்தர் என்ற கடைக்கு வந்தாரு, அரை நொடி வேலை, காசு வாங்க மனசு வரல, டீ குடிச்சுட்டுப் போங்கன்னு அனுப்பி வெச்சேன்.

இப்ப நெறைய லேப்டாப்புல கம்பெனியே மூடி வெச்சு குடுக்கறாங்க. லெனோவா திங்க்பேடுல 2018ல இருந்து வருது, மூடுனா பல மாடல்ல செவப்பா ஒரு புள்ளி தெரியும். எச்பி, ஆசஸ்லயும் சில மாடல்ல உண்டு. சிலதுல தள்ளற மூடிக்குப் பதிலா பக்கவாட்டுல ஒரு சுவிட்சு, இல்லாட்டி கீபோர்டு மேல் வரிசைல கேமரா படத்துக்கு குறுக்க கோடு போட்ட பட்டன். அதயும் ஒருக்கா அமுக்கிப் பாரு. புதுசா லேப்டாப் வாங்கற ரோசனைல இருக்கறவங்க இந்த மூடி உள்ளுக்குள்ளயே இருக்கற மாடலாப் பாத்து எடுத்துட்டீங்கன்னா மேல சொன்ன சந்து, பசை, நூலு ஒண்ணுமே வேண்டாம்.

மூடி போட்டதுல இருந்து முகத்தப் பாத்து லாகின் ஆகறது நின்னு போச்சு.
*காங்கேயம்*

அதுக்குன்னு கேமராவுக்குப் பக்கத்துல இன்னொரு கண்ணு இருக்குது, இன்ஃப்ராரெட் கேமரா. அகலமான மூடி அதயும் சேத்து மறைச்சிருக்கும். குறுக்கலான மூடி வாங்குங்க, இல்லீன்னா பின் நம்பர் போட்டே உள்ள போங்க.

ஹோம் டெக்ஸ்டைல்ஸ் ஏவாரம். ஆபீஸ்ல பன்னெண்டு லேப்டாப்புக்கும் மூடி ஒட்டிட்டோம். இனி ஹேக்கர் பயம் இல்லீங்கள்ல?
*கரூர்*

ஏனுங்க, கண்ணத்தான கட்டியிருக்கறீங்க, காது தொறந்தேதான் இருக்குது! மூடி படத்த மட்டும்தான் மறைக்கும், மைக்கு அதும்பாட்டுக்கு கேட்டுக்கிட்டே இருக்கும், ஃபைலு, பாஸ்வேர்டு எல்லாம் அப்படியே. உங்க ஏவாரத்துல பையர் வெலைக்குப் பேரம் பேசறதுதான் காசு, மூஞ்சி இல்ல. மீட்டிங்ல இருக்கற மியூட் பட்டன் அந்த மீட்டிங்குக்கு மட்டும்தான், மத்த சாஃப்ட்வேர் கேக்கறத அது தடுக்காது.

உங்களயாட்டம் எக்ஸ்போர்ட் ஆளுங்களுக்கு வினை எங்க இருந்து வருமுன்னா மெயில்ல இருந்து. "பர்ச்சேஸ் ஆர்டர்"னு பேரு போட்டு ஒரு ஃபைல் வரும், பிடிஎஃப் படம் போட்டிருக்கும், ஆனா பேரோட கடைசில இஎக்ஸ்இன்னு இருக்கும், அப்படின்னா அது பிடிஎஃப் இல்ல, புரோகிராமு. ஆர்டர்னு பாத்தா நம்ம ஆளுங்க கை நிக்குமா, தொறந்துருவாங்க, அப்புறம் கேமரா, மைக்கு, கீபோர்டுல அடிக்கறது எல்லாமே இன்னொருத்தன் கையில. காசு குடுக்காம பூட்ட ஒடைச்சு ஓட்டற ஓசி கிராக் சாஃப்ட்வேரும் இதே வழிதான். விண்டோஸ்ல செட்டிங்ஸ் போயி, பிரைவசி அண்டு செக்யூரிட்டி, அதுல கேமரா தொறந்து பாருங்க, எந்த எந்த ஆப்பு கேமராவத் தொட்டுச்சு, கடைசியா எப்ப தொட்டுச்சுன்னு வரிசையா இருக்கும். மைக்ரோஃபோனுக்கும் அதே மாதிரி ஒரு பக்கம் இருக்குது. தெரியாத பேரு இருந்தா உடனே ஆஃப் பண்ணிட்டு தெரிஞ்ச ஆள வரச்சொல்லி மெஷினக் காட்டுங்க.

செல்போனுக்கும் மூடி விக்கறாங்களே, வாங்கலாமுங்களா?
*பொள்ளாச்சி*

வேண்டாமுங்க. முன் கேமராகிட்டயே காதுல வெச்சா ஸ்கிரீன அணைக்கற சென்சார் இருக்கும், மூடி அதுல பட்டுச்சுன்னா போன் பேசறப்ப ஸ்கிரீன் பாட்டுக்கு அணைஞ்சு அணைஞ்சு எரியும். ஐபோன்ல 2020ல வந்த ஐஓஎஸ் 14ல இருந்தும், ஆண்ட்ராய்டுல 2021ல வந்த 12ல இருந்தும் கேமரா ஓடுனா மேல பச்சையா புள்ளி வரும். ஐபோன்ல மைக்கு மட்டும் ஓடுனா ஆரஞ்சு கலரு. வாட்ஸப் கால் எதுவும் பேசாதப்ப அந்தப் பச்சப் புள்ளி தெரிஞ்சா, மேல இருந்து ஸ்கிரீன கீழ இழுத்துப் பாருங்க, எந்த ஆப்புன்னு பேரு காட்டும்.