வாசகர் கேள்வி–பதில்: பழைய லேண்ட் குரூசரும் கடற்கரை உப்பும்

கேள்வி: 1995ஆம் ஆண்டு டொயோட்டா லேண்ட் குரூசர் 80 டீசல் வண்டி ஒன்றை அண்மையில் வாங்கியிருக்கிறேன். விடுமுறையில் குடும்பத்துடன் குவீன்ஸ்லாந்து கரையோரத்து மணல் தீவான ஃபிரேசர் தீவின் கடற்கரையில் ஓட்ட விரும்புகிறேன். இத்தனை ஆண்டுகள் ஓடிய வண்டியைத் துருவிலிருந்து எவ்வாறு காப்பது?
– வாசகர் ஒருவர், பிரிஸ்பேன்

பதில்: 2023 முதல் கர்ரி என்ற அதன் பழங்குடிப் பெயராலேயே அதிகாரபூர்வமாக வழங்கப்படும் அந்தத் தீவில் நீங்கள் ஓட்டப்போகும் சில நாட்களை விட, வீடு திரும்பிய பிறகு வண்டி கொட்டகையில் சும்மா நிற்கும் வாரங்களே அதற்குக் கூடுதல் ஆபத்தானவை. கடல்நீரில் லிட்டருக்கு ஏறத்தாழ 35 கிராம் உப்பு இருக்கிறது. நீர் உலர்ந்தாலும் உப்பு தகட்டிலேயே தங்கிவிடும். காற்றின் ஈரப்பதம் 75 சதவீதத்தை நெருங்கும்போது, மழைக்காலத்தில் உப்பு ஜாடி கசிவதைப் போல அது மீண்டும் ஈரத்தை இழுத்துக்கொண்டு இரும்பை அரிக்கத் தொடங்கும். கடலுப்பில் கலந்துள்ள மக்னீசியம் குளோரைடு இதைவிட வறண்ட காற்றிலேயே ஈரம் ஈர்க்கும் இயல்புடையது.

ஆகவே, புறப்படும் முன் துரு ஏற்கெனவே எங்கே இருக்கிறது என்று பாருங்கள். சேஸிஸின் (வண்டியைத் தாங்கும் அடிச்சட்டத்தின்) பின்பகுதி, கதவுகளுக்குக் கீழுள்ள பக்கச் சட்டங்கள், முன்கண்ணாடியின் ஓரம், பிரேக் குழாய்கள் ஆகியவற்றைச் சிறு சுத்தியலால் தட்டியும் விரலால் தடவியும் சோதிக்க வேண்டும் (பிரேக் குழாயைத் தட்ட வேண்டாம், தடவினால் போதும்). தட்டும்போது மந்தமான ஒலி எழுந்தால் அந்த இடத்தை வெல்டரிடம் காட்டிய பின்னரே பயணத்தைப் பற்றி யோசியுங்கள். துருவின் மேலேயே தார் போன்ற கறுப்புப் பூச்சைப் பூசி மறைக்கும் வழக்கம் எனக்கு உடன்பாடில்லை. பூச்சு வெடித்த இடத்தில் உப்புநீர் உள்ளே நுழைந்து, வெளியேற வழியின்றி, கண்ணுக்குத் தெரியாமல் தகட்டைத் தின்றுவிடும். ஆட்டு ரோமக் கொழுப்பிலிருந்து எடுக்கப்படும் லேனோலின் கலவையைச் சேஸிஸின் உட்புறத்தில், அதில் உள்ள துளைகள் வழியாக நீண்ட குழாய்முனை கொண்டு தெளிப்பதே பழைய வண்டிக்கு ஏற்றது. பிரேக் தட்டுகள், பெல்ட்டுகள், புகைக்குழாய், ரப்பர் புஷ்கள் ஆகியவற்றின் மேல் அது படக் கூடாது.

உங்கள் வண்டியின் முன் ஆக்சிலின் இரு முனைகளிலும் உருண்டை வடிவ மூட்டுகள் இருக்கின்றன. அவற்றைச் சுற்றியுள்ள துடைப்பு சீல்கள் தேய்ந்திருந்தால் மணலும் நீரும் உள்ளே போகும். கிரீஸ் வெளியே வழிந்திருந்தால் உடனே மாற்றிவிடுங்கள். டிஃபரென்ஷியலின் (ஆக்சிலின் நடுவில் இருந்து சக்கரங்களுக்கு விசையைப் பிரித்துத் தரும் பல்சக்கரப் பெட்டியின்) காற்றுக் குழாயையும் என்ஜின் அறையின் உயரத்துக்கு நீட்டிவிடுவது நல்லது. ஓடிச் சூடான டிஃபரென்ஷியல் குளிர்ந்த நீரில் இறங்கும்போது உள்ளிருக்கும் காற்று சுருங்கி, சீல்கள் வழியாக நீரை உறிஞ்சும். எண்ணெய் பால் கலந்த காபி நிறத்தில் வந்தால் அதுதான் நடந்திருக்கிறது என்று அறியலாம். பயணத்துக்குப் பிறகு எண்ணெயைச் சோதிக்கத் தவறாதீர்கள்.

ஓட்டும் முறையைப் பொறுத்தவரை, டயரின் காற்றழுத்தத்தை 18 முதல் 20 பி.எஸ்.ஐ. வரை குறைத்தால், புதையாமல் இருப்பதோடு, என்ஜினுக்கும் கியர்பாக்ஸுக்கும் சுமையும் சூடும் குறையும். முப்பது ஆண்டுப் பழமையான ரேடியேட்டருக்கு இது பெரிய ஆறுதல். உயர் ஓதத்துக்கு முன்னும் பின்னும் இரண்டு மணி நேரம் கடற்கரையில் ஓட்டாதீர்கள். அப்போது நீரை ஒட்டி ஓட்டுவதைத் தவிர வேறு வழி இருக்காது. தீவின் கிழக்குக் கரையான செவன்டி ஃபைவ் மைல் பீச்சில் வேக வரம்பு மணிக்கு 80 கிலோமீட்டர்தான் என்றாலும், ஓடைகள் மணலை அறுத்த பள்ளங்கள் தொலைவிலிருந்து தெரிவதில்லை. அலைவிளிம்பில் நீரைத் தெறிக்கவிட்டுப் படம் எடுப்பவர்களைப் பார்த்து ஆசைப்படாதீர்கள். அங்கே கடலில் கலக்கும் நன்னீர் ஓடையான ஈலை ஓடையில் ஓட்டினால் உப்பு கழுவப்பட்டுவிடும் என்றும் சிலர் சொல்வார்கள்; கடலோரம் அந்த ஓடைநீரில் அலைநீர் கலக்கும் என்பதால் அதை நம்பிப் பயனில்லை.

தீவிலிருந்து வண்டிகளை ஏற்றி வரும் படகான பார்ஜிலிருந்து இறங்கியதும், இயன்றால் அன்றே, நல்ல தண்ணீரால் கழுவுங்கள். அழுத்தமான பீச்சலை விட மென்மையாக, நிறைய, நீண்ட நேரம் ஓடும் நீர் சிறந்தது. அழுத்தமான பீச்சல் உப்பை வீல் பேரிங்கினுள்ளும் மின் இணைப்புகளுக்குள்ளும் தள்ளிவிடும். தோட்டத் தெளிப்பானை வண்டியின் அடியில் வைத்து, அரை மணிக்கு ஒருமுறை இடம் மாற்றினால் சேஸிஸின் அடிப்புறம் முழுவதும் நனைந்துவிடும். சேஸிஸின் துளைகளுக்குள்ளும் ஹோஸை நுழையுங்கள். ரேடியேட்டரை என்ஜின் பக்கத்திலிருந்து வெளிப்புறமாகக் கழுவி, பிறகு வண்டியைச் சிறிது தூரம் ஓட்டி பிரேக்குகளை உலர்த்தி, மூட்டுகளுக்குப் புதிய கிரீஸ் ஏற்றிவிடுங்கள்.

கேள்வி: பேட்டரியில் இணைக்கும் மின்னணுத் துருத்தடுப்புக் கருவியை வாங்கலாமா?
– மற்றொரு வாசகர், மெல்பர்ன்

பதில்: வேண்டாம். மின்னோட்டத்தால் துருவைத் தடுக்கும் முறை கப்பல்களிலும் புதைகுழாய்களிலும் உண்மையாகவே பயன்படுகிறது. அங்கே இரும்பு கடல்நீரிலோ ஈரமண்ணிலோ மூழ்கியிருப்பதால் மின்சுற்று முழுமையடைகிறது. காற்றில் நிற்கும் காரின் தகட்டுக்கு அத்தகைய தொடர்ச்சியான ஈரப்படலம் கிடையாது. அந்தப் பணத்தில் லேனோலினும் நல்ல ஹோஸும் வாங்கலாம்.