கடலில் மிஸ்ஸிங் அடிக்கும் என்ஜின்: சில கேள்விகள், பதில்கள்

குளச்சலில் இருந்து: 2 ஸ்ட்ரோக் பெட்ரோல் அவுட்போர்டு, படகின் பின்னால் மாட்டும் என்ஜின். கரையில் தண்ணீர் டிரம்மில் வைத்து ஓட்டினால் ஒரு குறையும் இல்லை. கடலில் முழு வேகம் கொடுத்த கொஞ்ச நேரத்தில் மிஸ்ஸிங் அடித்து, அதாவது விட்டுவிட்டு எரிந்து, வேகம் இறங்கிவிடுகிறது. பிளக் மாற்றியும் சரியாகவில்லை அண்ணே.

டிரம்மில் ஓடும்போது என்ஜினுக்கு லோடே கிடையாது தம்பி, துளித்துளியாகப் பெட்ரோல் வந்தால்கூட அது போதும் என்று ஓடிக்கொண்டிருக்கும். அதனால் கரையில் பார்த்து முடிவு கட்டாதீர்கள். அடுத்த முறை கடலில் வேகம் இறங்கும்போது கூட இருப்பவரை டேங்கில் இருந்து என்ஜினுக்கு வரும் ஹோஸில் இருக்கும் ரப்பர் பல்பை விடாமல் அமுக்கச் சொல்லுங்கள். அமுக்க அமுக்க என்ஜின் எழுந்து வந்தால் கோளாறு பிளக்குக்கு வரும் கரண்டில் இல்லை, பெட்ரோல் போதுமான அளவு வந்து சேரவில்லை.

எங்கே தடை என்பதை அந்தப் பல்பே காட்டிக்கொடுக்கும். ஓட ஓட அது உள்ளே ஒட்டித் தட்டையாகிறதா? அப்படியானால் டேங்க் பக்கம் அடைப்பு. முதலில் மூடியில் இருக்கும் காற்றுத் திருகைப் பாருங்கள், பலரும் அதைத் திறக்க மறந்துவிட்டுக் கார்புரேட்டரைக் கழற்றிக்கொண்டிருப்பார்கள். அது திறந்திருந்தால் டேங்குக்குள் இருக்கும் உறிஞ்சு குழாயின் வலை, அப்புறம் ஹோஸ். ஹோஸின் உள்பக்கம் உரிந்து தொங்கினால் வெளியே பார்த்தால் தெரியவே தெரியாது. எத்தனை அமுக்கினாலும் பல்பு இறுகவில்லை என்றால் எங்கோ காற்று எடுக்கிறது, கிளிப், கனெக்டரில் உள்ள ரப்பர் வளையம், பல்புக்குள் இருக்கும் வால்வு என்று வரிசையாகப் பாருங்கள்.

பல்பு நன்றாக இறுகுகிறது, ஆனாலும் அமுக்கினால்தான் ஓடுகிறது என்றால் என்ஜினில் இருக்கும் பெட்ரோல் பம்பைச் சந்தேகப்படுங்கள். அதில் இருக்கும் மெல்லிய டயஃப்ரத்தை, அதாவது சவ்வை, வெளியே எடுத்து வெயிலுக்கு நேராகப் பிடித்தால் ஊசிமுனை அளவு ஓட்டை இருந்தாலும் வெளிச்சம் தெரியும். அந்த ஓட்டை வழியாகப் பெட்ரோல் நேரே கிராங்க் அறைக்குள் போவதால் ஒரு சிலிண்டரின் பிளக் மட்டும் கறுத்து நனைந்திருக்கும். ஒட்டுப்போட்டுச் சமாளிக்க வேண்டாம், கேஸ்கெட்டோடு முழு கிட்டையும் மாற்றுங்கள்.

ஒன்றை மட்டும் கெட்டியாகப் பிடித்துக்கொள்ளுங்கள். ஆயிலைப் பெட்ரோலில் கலந்து ஊற்றும் என்ஜினில் ஆயில் பெட்ரோலோடுதான் வருகிறது. பெட்ரோல் குறைந்தால் ஆயிலும் குறையும், சிலிண்டர் சூடும் ஏறும். மிஸ்ஸிங்கோடு முழு வேகத்தில் கரைக்கு விரட்டினால் பிஸ்டன் சிலிண்டரில் இறுகிப் பிடித்துவிடும். நடுக்கடலில் என்ஜின் நின்றால் அது செலவுக் கணக்கு அல்ல, உயிர் சம்பந்தப்பட்டது. வேகத்தைக் குறைத்து மெதுவாக வாருங்கள்.

முழு வேகத்தில் நன்றாக ஓடுகிறது, மெதுவாக ஓட்டினால்தான் திணறி நிற்கிறது.

கார்புரேட்டரில் பெட்ரோல் வரும் நுண்ணிய துளை உள்ள சின்ன ஜெட் அடைத்திருக்கும். பெட்ரோலோடு மாதக்கணக்கில் சும்மா கிடந்த என்ஜினில் அந்தப் பெட்ரோல் பிசினாக உறைந்துவிடும். கம்பி விட்டுக் குத்தாதீர்கள், துளை பெரிதாகிவிட்டால் ஜெட்டையே மாற்ற வேண்டிவரும். கிளீனர் அடித்து, காற்று அடித்து, துளையில் வட்டமாக வெளிச்சம் தெரியும்வரை சுத்தம் செய்யுங்கள்.

எத்தனால் கலந்த பெட்ரோல்தான் மிஸ்ஸிங்குக்குக் காரணம் என்கிறார்களே?

காரணமாக இருக்கலாம். பெட்ரோல் பங்க்குகளில் இப்போது கிடைப்பது 20 சதவீத எத்தனால் கலந்தது, பெரும்பாலான அவுட்போர்டுகளுக்குக் கம்பெனிகள் சொல்லும் உச்ச அளவோ 10 சதவீதம். எத்தனால் ஈரத்தை இழுக்கும், கடற்கரையில் ஈரத்துக்குப் பஞ்சமா என்ன. அளவு மீறினால் தண்ணீரும் எத்தனாலும் சேர்ந்து பிரிந்து அடியில் தங்கும், உறிஞ்சு குழாயின் வாயும் அங்கேதான் இருக்கிறது. டேங்கின் அடியில் இருந்து கொஞ்சம் எடுத்துக் கண்ணாடிப் பாட்டிலில் ஊற்றி அசையாமல் வையுங்கள். கீழே தனி அடுக்கு கோடு கட்டி நின்றால் அந்தப் பெட்ரோலை என்ஜினுக்குக் கொடுக்கவே கூடாது, மேலாக வடித்து ஊற்றினாலும் சரிப்படாது. தேவைக்கு மட்டும் வாங்கி, ஆயில் கலந்து, சீக்கிரம் தீர்த்துவிடுங்கள். பழைய ரப்பர் ஹோஸையும் மாற்றிவிடுங்கள்.

மண்ணெண்ணெய் என்ஜின். வலை இழுக்கும்போது மட்டும் மிஸ்ஸிங்.

மண்ணெண்ணெய் ஆவியாகச் சூடு வேண்டும். வெகுநேரம் மெதுவாக ஓடினால் என்ஜின் ஆறிப்போய் எண்ணெய் எரியாமல் பிளக்கில் படியும். அந்த நேரத்துக்குப் பெட்ரோலுக்கு மாற்றிக்கொள்ளுங்கள். நிறுத்துவதற்கு முன்பும் கொஞ்சம் பெட்ரோலில் ஓடவிட்டால் காலையில் கயிறு இழுத்துக் கை ஓயாது.

ராமேஸ்வரத்தில் இருந்து: விசைப்படகு, 6 சிலிண்டர் டீசல். ஃபில்டர் மாற்றிய நாளில் இருந்து தட்டித் தட்டி ஓடுகிறது, வெள்ளைப் புகையும் வருகிறது.

ஃபில்டர் மாற்றியபோது காற்று புகுந்திருக்கும். ஃபில்டர் தலையில் உள்ள ஸ்குருவைத் தளர்த்தி, குமிழி இல்லாமல் டீசல் வரும்வரை கைப்பம்பை அடியுங்கள், அப்புறம் டீசலை நாசில்களுக்குத் தள்ளும் பம்பில் உள்ள ஸ்குருவிலும் அதே மாதிரி செய்யுங்கள். மறுபடி காற்று ஏறினால் ஃபில்டரின் வாஷர் சரியாக உட்காரவில்லை. தண்ணீர் பிரிக்கும் கிண்ணத்தையும் வடித்துவிடுங்கள், தண்ணீர் கலந்த டீசலும் இதே புகையைத்தான் கொடுக்கும்.

அதற்குப் பிறகும் மிஸ்ஸிங் நிற்காவிட்டால், பழைய மாடல் பம்பும் குழாயும் உள்ள என்ஜின் என்றால் ஐடிலிங்கில், அதாவது லோடு இல்லாமல் மெதுவாக ஓடவிட்டு, சிலிண்டருக்குள் டீசலைப் பீய்ச்சும் நாசிலுக்குப் போகும் குழாய் நட்டை ஒவ்வொன்றாக லேசாகத் தளர்த்தி இறுக்குங்கள். எதைத் தளர்த்தும்போது ஓட்டம் மாறவில்லையோ அந்த சிலிண்டர்தான் வேலை செய்யவில்லை, அதன் நாசிலைக் கழற்றி டெஸ்டுக்குக் கொடுங்கள். கண்ணாடி போட்டுக்கொண்டு, துணியால் நட்டை மூடிச் செய்யுங்கள். கையை அருகில் கொண்டுபோகவே வேண்டாம், அந்த அழுத்தத்தில் பீறிடும் டீசல் தோலைத் துளைத்து உள்ளே போய்விடும், அப்படி நடந்தால் காயம் சின்னதாகத் தெரிந்தாலும் உடனே ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும். நேரே நாசில் வரை மின்னணுக் கட்டுப்பாடு உள்ள புது காமன் ரெயில் என்ஜினில் இந்த நட்டுகளைத் தொடவே கூடாது, மெக்கானிக்கைக் கூப்பிடுங்கள்.