டாலி டேட்டாவுக்கு ஹார்ட் டிஸ்க்கா, கூகுள் டிரைவா?

கேள்வி: வேளச்சேரியில் சின்னதாக ஆடிட் அலுவலகம் நடத்துகிறேன். நான்கு கம்ப்யூட்டர், ஐந்து பேர். டாலி கணக்கு, ஜிஎஸ்டி, வருமானவரி ஃபைல்கள், ஸ்கேன் எல்லாம் சேர்த்து 80 ஜிபி இருக்கும். மெயின் கம்ப்யூட்டரில் ஒரு எக்ஸ்டர்னல் ஹார்ட் டிஸ்க் எப்போதும் செருகியே இருக்கும், சாயங்காலம் தானாகக் காப்பி ஆகிவிடும். கூகுள் டிரைவ் போதும் என்கிறான் தம்பி. சர்வீஸ் செய்பவர் நாஸ் (எல்லாக் கம்ப்யூட்டரும் நெட்வொர்க் வழியாகப் பயன்படுத்தும் டிஸ்க் பெட்டி) வாங்கச் சொல்கிறார். எதை நம்புவது? (வாசகி, சென்னை)

பதில்: அம்மா, அந்த டிஸ்க்கை இன்றைக்கே கழற்றிவிடுங்கள், மற்றதை அப்புறம் பேசுவோம். ரேன்சம்வேர், அதாவது ஃபைல்களைப் பூட்டிவிட்டுப் பணம் கேட்கும் வைரஸ், உள்ளே வந்தால் கம்ப்யூட்டரோடு நிற்காது, செருகியிருக்கும் டிஸ்க், ஷேர் செய்த ஃபோல்டர் என்று கைக்கு எட்டுவதையெல்லாம் பூட்டிவிடும். நான் முன்பு வேலை பார்த்த இடத்தில் அப்படித்தான் நடந்தது. பேக்கப் இருக்கிறது என்ற தைரியத்தில் டிஸ்க்கைத் திறந்தோம், அதிலும் ஒரு ஃபைல்கூடத் திறக்கவில்லை. இரண்டு வருடக் கணக்கைப் பில்களை வைத்துத் திரும்பப் போட்டோம். இன்னொன்று, நீங்கள் இருப்பது வேளச்சேரி. 2015 டிசம்பர் வெள்ளத்தை நான் சொல்லித் தெரிய வேண்டியதில்லை, கம்ப்யூட்டரும் டிஸ்க்கும் ஒரே மேஜையில் இருந்தால் இரண்டும் சேர்ந்தேதான் நனையும்.

தம்பி சொல்வதில் பாதி சரி. டேட்டா ஊரைவிட்டு வெளியே ஓர் இடத்தில் இருப்பது நல்லதுதான். ஆனால் டிரைவ் ஆப் செய்வது சிங்க், அதாவது இங்கே அழித்தால் அங்கேயும் அழியும். குப்பைத்தொட்டியில் 30 நாள்தான் இருக்கும். மே மாதம் யாரோ தெரியாமல் அழித்த ஒரு வாடிக்கையாளரின் ஃபோல்டர், ஜூலையில் ரிட்டர்ன் போட உட்காரும்போதுதான் காணோம் என்று தெரியும், அதற்குள் 30 நாள் எப்போதோ முடிந்திருக்கும். இலவசமாகக் கிடைப்பதும் 15 ஜிபிதான்.

நாஸ் இப்போது வேண்டாம். அதில் இரண்டு டிஸ்க் போட்டு ஒன்றை மற்றொன்றின் நகலாக ஓடவிட்டால், ஒரு டிஸ்க் செத்தாலும் வேலை நிற்காது, உண்மைதான். ஆனால் தவறாக அழித்தது இரண்டிலும் அதே நொடியில் அழியும். நான்கு கம்ப்யூட்டருக்கு அந்தச் செலவு அவசியமில்லை.

நான் சொல்வது இதுதான். இன்னொரு டிஸ்க் வாங்குங்கள். ஒன்று அலுவலகத்தில், காப்பி எடுக்கும் நேரத்துக்கு மட்டும் செருக, மற்றது உங்கள் வீட்டில், வாரம் ஒருமுறை மாற்றிக்கொள்ள. பான், ஆதார் நகலெல்லாம் அதில் இருப்பதால் விண்டோஸோடு வரும் பிட்லாக்கர் என்ற பூட்டைப் போட்டுப் பூட்டுங்கள் (விண்டோஸ் ஹோமில் அப்படிப் பூட்ட முடியாது, புரோ வேண்டும்), ரெகவரி கீயை (பாஸ்வேர்டு மறந்தால் திறக்க உதவும் எண்) பிரிண்ட் எடுத்து வீட்டில் வையுங்கள். மூன்றாவது நகலுக்குத்தான் கிளவுட். 80 ஜிபியையும் ஏற்றத் தேவையில்லை, அப்லோடு 20 எம்பிபிஎஸ் என்றால் அதற்கே ஒன்பது மணி நேரம் ஆகும். டாலி பேக்கப்பும் நடப்பு ஆண்டு ரிட்டர்ன்களும் போதும், பாஸ்வேர்டு போட்ட ஜிப்பாக, தேதியைப் பெயரில் சேர்த்து. நேற்றையதன் மேல் இன்றையதை எழுதாதீர்கள்.

டாலி திறந்திருக்கும்போது டேட்டா ஃபோல்டரை அப்படியே காப்பி செய்கிற பழக்கம் நிறைய அலுவலகங்களில் உண்டு. தயவுசெய்து வேண்டாம், பாதி எழுதிய நிலையில் மாட்டினால் அந்த நகல் உதவாது. எல்லோரும் வெளியே வந்த பிறகு டாலி பிரைமில் ஆல்ட்+ஒய் அழுத்தி அதிலேயே இருக்கும் பேக்கப்பை எடுங்கள்.

பழையதை எப்போது அழிக்கலாம் என்றும் யோசிப்பீர்கள். ஜிஎஸ்டி கணக்கை ஆண்டு ரிட்டர்னின் கடைசித் தேதியிலிருந்து 72 மாதம் வைத்திருக்க வேண்டும், கம்பெனிகளின் கணக்குப் புத்தகங்களை எட்டு நிதியாண்டு. வாடிக்கையாளர்களில் பிரைவேட் லிமிடெட் யாராவது உண்டா? அவர்கள் கணக்கின் பேக்கப் தினமும் இந்தியாவில் உள்ள சர்வரில் இருக்க வேண்டும் என்பது 2022 ஆகஸ்டிலிருந்து விதி. சாதாரண கூகுள் கணக்கில் எந்த நாட்டு சர்வர் என்று நாம் தேர்ந்தெடுக்க முடியாது, அதனால் அவர்களுக்கு மட்டும் இந்தியாவில் சர்வர் உள்ள சேவையாகக் கேட்டு வாங்குங்கள்.

அப்புறம், எடுத்ததைத் திறந்து பாருங்கள். கிட்லேப் என்ற பெரிய மென்பொருள் நிறுவனத்தில் 2017 ஜனவரி 31 அன்று ஓர் ஊழியர் தவறாக டேட்டாபேஸை அழித்துவிட்டார். ஐந்து விதமான பேக்கப், நகல் ஏற்பாடு வைத்திருந்தார்கள், ஒன்றுகூடச் சரியாகக் கைகொடுக்கவில்லை. வேறொரு வேலைக்காக ஆறு மணி நேரம் முன்பு எடுத்த ஒரு நகல்தான் காப்பாற்றியது. மாதத்தின் முதல் சனிக்கிழமை ஏதாவது ஒரு வாடிக்கையாளரின் பேக்கப்பை வேறு கம்ப்யூட்டரில், வேறு ஃபோல்டரில் ரீஸ்டோர் செய்து, டிரையல் பேலன்ஸ் ஒத்துப்போகிறதா என்று பாருங்கள். அரைமணி நேர வேலை.

கிளவுட் கணக்கை அலுவலகப் பெயரில் தொடங்குங்கள், ஊழியரின் சொந்த ஜிமெயிலில் வேண்டாம். ஓடிபி உங்கள் போனுக்கு வரட்டும்.