பதினாறு வயதுக்குள் ஒரு பட்டம்

அன்புள்ள ஐயா,

ஸ்னூக்கர் பற்றிய உங்கள் கட்டுரையில், பின்னாளில் உலக சாம்பியனான ரோனி ஓ'சல்லிவன் 1989இல் தமது 13ஆவது வயதில் பிரிட்டனின் 16 வயதுக்குட்பட்டோர் பட்டத்தை வென்றார் என்று ஒரு வரி வருகிறது. அந்தப் போட்டியின் வரலாற்றை அறிய விரும்புகிறேன். அது எப்போது தொடங்கியது? அதில் வென்றவர்கள் எல்லோரும் பின்னாளில் பெரிய ஆட்டக்காரர்கள் ஆனார்களா?

இதைக் கேட்பதற்குக் காரணம் உண்டு. என் பேரனுக்கும் 13 வயதுதான். இரண்டு வருடமாக ஆடுகிறான். சென்ற மாதம் சிறுவர் போட்டி ஒன்றுக்குப் போய் முதல் சுற்றிலேயே தோற்று வந்தான். "இந்த வயதில் ஜெயிக்காதவன் இனி எப்போது ஜெயிக்கப் போகிறான், கியூ கோலைத் தூக்கிப் பரணில் போடு" என்கிறான் என் மகன். பயிற்சியாளரோ வாரம் ஒரு நாள் பில்லியர்ட்ஸ் ஆடச் சொல்கிறார். அது வீண் வேலை என்பது பேரனின் கட்சி. வீட்டில் தினமும் இதே பேச்சாக இருக்கிறது. நீங்கள் என்ன நினைக்கிறீர்கள்?

எஸ்., கோயம்புத்தூர்

அன்புள்ள எஸ்.,

உங்கள் கடிதத்தை இரண்டு முறை படித்தேன். வரலாற்றைக் கேட்டிருக்கிறீர்கள், ஆனால் அந்த வரலாற்றை வைத்து ஒரு பையனின் கியூ பரணுக்குப் போவதா, கையில் இருப்பதா என்று வீட்டில் தீர்மானிக்கப் போகிறீர்கள் என்பது புரிகிறது. ஆகவே கொஞ்சம் பொறுப்போடு எழுத வேண்டியிருக்கிறது.

பிரிட்டனின் சிறுவர் பட்டம் ஸ்னூக்கரில் தொடங்கவில்லை, பில்லியர்ட்ஸில் தொடங்கியது. 1922இல் 16 வயதுக்குட்பட்ட சிறுவர்களுக்கான தேசிய பில்லியர்ட்ஸ் பட்டத்தை வென்றவர் வால்டர் டொனால்ட்சன் என்ற ஸ்காட்லாந்துப் பையன்; அப்போது அவருக்கு 15 வயது. அக்காலத்தில் மேசை ஆட்டம் என்றாலே மூன்று பந்து ஆடும் பில்லியர்ட்ஸ்தான். பல வண்ணப் பந்துகளைக் குழியில் போடும் ஸ்னூக்கரை இரண்டு பில்லியர்ட்ஸ் ஆட்டங்களுக்கு இடையே பொழுதுபோக்காக ஆடினார்கள். தொழில்முறை உலகப் போட்டியே 1927இல்தான் வந்தது. அதை வென்ற ஜோ டேவிஸுக்குக் கிடைத்த பரிசு ஆறு பவுண்டு பத்து ஷில்லிங். சிறுவர்களுக்கான ஸ்னூக்கர் பட்டம் பில்லியர்ட்ஸ் பட்டத்தின் பின்னால் வந்து, பிறகு அதை முந்திக்கொண்டது. 16 வயது, 19 வயது என்ற இரண்டு வரம்புகள் நெடுங்காலம் நின்றன.

இப்படி ஒரு போட்டி அங்கே ஏன் தேவைப்பட்டது என்பதை நான் புரிந்துகொண்ட விதத்தைச் சொல்கிறேன். பில்லியர்ட்ஸில் கை தேர்ந்தவன் இளமையை வீணடித்தவன் என்ற வாக்கு இங்கிலாந்தில் பழமொழிபோலவே வழங்கி வந்தது. புகையும் பந்தயப் பணமும் மதுவும் சேர்ந்திருந்த கூடங்களுக்குப் பிள்ளையை அனுப்பப் பெற்றோர் தயங்கியதில் வியப்பில்லை. அந்தக் கூடத்திற்குள் ஒரு சிறுவன் தலைநிமிர்ந்து நுழையவும், அவன் பெயர் நாளிதழில் நல்ல காரணத்திற்காக வரவும் வழி செய்தது தேசியப் பட்டம்தான். நாளைய உலக சாம்பியனைக் கண்டுபிடித்துத் தருவது அதன் முதல் வேலையாக இருந்ததில்லை என்றே கருதுகிறேன். உங்கள் மகன் அதை அப்படி ஓர் அளவுகோலாக எடுத்துக்கொள்வதில்தான் எனக்கு மாறுபாடு.

அந்தப் பட்டியலை எடுத்துப் பார்த்தால் அது எவ்வளவு மோசமான ஜோதிடர் என்பது தெரியும். டொனால்ட்சனையே எடுத்துக்கொள்ளுங்கள். 1922இல் சிறுவர் பட்டம், அடுத்த ஆண்டே தொழில்முறை ஆட்டம். ஆனால் உலகப் பட்டம் கைக்கு வந்தது 1947இல், அவருடைய 40ஆவது வயதில். அண்டை வீட்டுப் பரணில் கிடந்த மேசையில் தனியாகப் பயிற்சி செய்து, ஃபிரெட் டேவிஸை 82க்கு 63 என்ற ஃபிரேம் (ஒரு போட்டிக்குள் வரும் தனித்தனி ஆட்டம்) கணக்கில் வென்றார். நடுவே 25 ஆண்டுகள். 1950இல் மீண்டும் ஒரு முறை வென்றார். பிறகு அதே ஃபிரெட் டேவிஸிடம் அடுத்தடுத்துத் தோற்று, ஆட்டத்தின் மீதே வெறுப்புற்று விலகியவர், தம் வீட்டு பில்லியர்ட்ஸ் அறையை மாட்டுக் கொட்டகையாக்கினார். மேசையின் பலகைக் கற்களை உடைத்துத் தோட்டத்து நடைபாதைக்குப் பதித்துவிட்டார். பச்சைத் துணிக்கு அடியில் இருக்கும் அந்தக் கற்களின் எடையை அறிந்தவர்களுக்கு, அவற்றைப் பெயர்த்தெடுத்து உடைக்க எவ்வளவு கசப்பு வேண்டும் என்பது தெரியும். சிறுவயதில் வென்றவருக்கு எல்லாம் இனிதாக முடியும் என்று நம்புகிறவர்களிடம் நான் சொல்வது இந்தக் கதையைத்தான்.

அடுத்து வேல்ஸ் நாட்டு ட்ரெடேகர் என்ற சுரங்க ஊர். 1950களின் தொடக்கத்தில் அங்கே இரண்டு இளைஞர்கள் ஒருவரையொருவர் வெல்லத் துடித்தார்கள். ஒருவர் கிளிஃப் வில்சன், மற்றவர் ரே ரியர்டன். அவர்கள் மோதும் நாளில் ஊரே கூடும். பிரிட்டனின் 19 வயதுக்குட்பட்டோர் பட்டத்தை வென்று, இளையோர் வரிசையில் பெயர் பதித்தவர் வில்சன். பார்ப்பவர்கள் மூச்சுவிடும் முன் அடுத்த பந்தை அடித்துவிடும் வேகம் அவருடையது. ரியர்டன் குடும்பத்தோடு ஊரைவிட்டுப் போனதும் எதிராளி இல்லாத ஆட்டம் வில்சனுக்குச் சலித்துவிட்டது. ஏறத்தாழ 15 ஆண்டுகள் அவர் கியூவைத் தொடவில்லை. லான்வெர்ன் எஃகு ஆலையில் வேலை பார்த்தார். திரும்பி வந்து 1978இல் உலக அமெச்சூர் பட்டத்தை வென்றபோது அவருக்கு வயது 44.

ரியர்டனின் வழி வேறு. நிலக்கரிச் சுரங்கத்தில் வேலை செய்த நாட்களில், கியூ பிடிக்கும் கை கெட்டுவிடாமல் இருக்க வெள்ளைக் கையுறை அணிந்து இறங்கியவர் அவர். ஒருமுறை பாறை சரிந்து சுமார் மூன்று மணி நேரம் அசைய முடியாமல் கிடந்தார். பிறகு காவல்துறையில் பணி. 1970இல் முதல் உலகப் பட்டம், மொத்தம் ஆறு. ட்ரெடேகரில் 1952இல் யாராவது என்னிடம் "இருவரில் எவன் உலக சாம்பியன் ஆவான்?" என்று கேட்டிருந்தால், நானும் வில்சன் பெயரைத்தான் சொல்லியிருப்பேன்.

1960களில் கூடங்கள் வெறிச்சோடிக் கிடந்தன. 1969இல் பிபிசி வண்ணத் தொலைக்காட்சியில் ஒளிபரப்பத் தொடங்கிய 'பாட் பிளாக்' என்ற ஸ்னூக்கர் போட்டி நிகழ்ச்சிதான் ஆட்டத்தை மீட்டது; வண்ணப் பந்துகள் வண்ணத் திரைக்காகவே செய்தவைபோல இருந்தன. 1977இல் உலகப் போட்டி ஷெஃபீல்டின் க்ரூசிபிள் அரங்குக்கு வந்தது. அதே ஆண்டில் 16 வயதுக்குட்பட்டோர் பட்டத்தை வென்றவர் ஜிம்மி ஒயிட், பள்ளிக்கு மட்டம் போட்டுவிட்டு லண்டன் டூட்டிங்கில் ஒரு கூடத்திலேயே கிடந்த பையன். இரண்டு ஆண்டில் இங்கிலாந்தின் அமெச்சூர் பட்டமும், 1980இல் 18 வயதில் உலக அமெச்சூர் பட்டமும் அவருக்கு வந்தன. அதன்பின் உலகத் தொழில்முறைப் போட்டியில் ஆறு இறுதி ஆட்டங்கள் ஆடி ஆறிலும் தோற்றார். ஆயினும் ரசிகர்கள் அவர் மீது வைத்த அன்பு, வென்றவர்கள் பலருக்குக் கிடைக்காதது.

1981இல் பிபிசி சிறுவர்களுக்கென்றே 'ஜூனியர் பாட் பிளாக்' நடத்தியது. முதல் ஆண்டு டீன் ரெனால்ட்ஸ், அடுத்த இரண்டு ஆண்டுகள் ஜான் பேரட் வென்றார்கள். சிறுவர் ஆட்டத்தை நாடு முழுவதும் வரவேற்பறையில் உட்கார்ந்து பார்த்த காலம் அது. இளமையை வீணடித்தவன் என்ற பழிச்சொல் அந்தச் சில ஆண்டுகளில்தான் உண்மையாகவே வலுவிழந்தது என்பேன். ஸ்காட்லாந்தில் 1983இல் அந்நாட்டின் 16 வயதுக்குட்பட்டோர் பட்டத்தை வென்ற ஸ்டீஃபன் ஹென்ட்ரிக்கு, அதற்கு ஓரிரு ஆண்டுகளுக்கு முன்பு ஒரு கிறிஸ்துமஸுக்குத்தான் பெற்றோர் ஒரு சிறிய மேசையைப் பரிசளித்திருந்தார்கள். 1985இல் 16 வயதில் தொழில்முறை ஆட்டக்காரர், 1990இல் 21 வயதில் உலக சாம்பியன். இவர் ஒருவரை மட்டும் பார்த்தால் உங்கள் மகன் சொல்வது சரி என்று தோன்றும். ஹென்ட்ரியைக் கொண்டு மற்றவர்களை அளப்பதுதான் பிழை.

ஓ'சல்லிவனின் 1989 வெற்றிக்கு நம் நாட்டில் ஒரு தொடர்ச்சி உண்டு. 1991இல் 21 வயதுக்குட்பட்டோருக்கான உலகப் போட்டி பெங்களூரில் நடந்தது. அதை வென்றபோது அவருக்கு 15 வயது. அதே ஆண்டில்தான் தொழில்முறை ஆட்டத்தின் கதவைக் கட்டணம் செலுத்தும் எவருக்கும் திறந்துவிட்டார்கள். விளைவு, மறு ஆண்டு பிளாக்பூலில் நூற்றுக்கணக்கானோர் தகுதிச் சுற்றுகளில் குவிந்தார்கள். ஓ'சல்லிவன் அங்கே 76 ஆட்டங்களில் 74ஐ வென்றார். ஜான் ஹிக்கின்ஸ், மார்க் வில்லியம்ஸ் இருவரும் அதே பருவத்தில்தான் நுழைந்தார்கள். மூவரும் 1975இல் பிறந்தவர்கள். திறமை மிக்க பையன்கள் 16 வயதிலேயே நேராகத் தொழில்முறைக்குத் தாவ முடிந்தபின், தேசிய இளையோர் பட்டத்துக்கு முன்பிருந்த மதிப்பு குறைந்தது. எனக்கு இதில் வருத்தம் உண்டு. ஆட்டத்தில் முதிர்ந்த, பிழைப்புக்காக ஆடுகிறவர்களிடம் வாரக்கணக்கில் தோற்று, சேமிப்பையும் இழந்து பேசாமல் வீடு திரும்பிய சிறுவர்கள் எத்தனை பேர் என்பதை எந்தப் பட்டியலும் சொல்வதில்லை. தம் வயதொத்தவர்களோடு ஆடித் தோற்பதற்கு ஓர் இடம் வேண்டும். உங்கள் பேரனுக்குச் சென்ற மாதம் கிடைத்தது அதுதான்.

ஆட்டத்தின் பெயரே அவனுக்கு ஆதரவாக இருக்கிறது. 1875இல் ஜபல்பூரில் இந்த ஆட்டத்தை உருவாக்கியவர் நெவில் சேம்பர்லின் என்ற ராணுவ அதிகாரி. விதிமுறைகள் ஒழுங்குபட்ட இடம் நம் ஊட்டி கிளப். இங்கிலாந்தின் ஊலிச் ராணுவப் பயிற்சிக் கழகத்தில் முதலாண்டு மாணவனை 'ஸ்னூக்கர்' என்று கேலியாக அழைப்பார்களாம். எளிய பந்தைத் தவறவிட்ட ஒருவரைப் பார்த்துச் சேம்பர்லின் அந்தச் சொல்லை வீசினார். பிறகு, இந்த ஆட்டத்தில் நாம் எல்லோருமே ஸ்னூக்கர்கள்தான் என்று சமாதானமும் சொன்னார். 1938இல் பத்திரிகைக்கு எழுதிய கடிதத்தில் அவரே இதைப் பதிந்திருக்கிறார்.

உங்கள் பேரன் ஆடுவதை நான் பார்த்ததில்லை. ஆனால் அந்த வயதுப் பையன்களைப் பார்த்திருக்கிறேன். பன்னிரண்டடி நீளம், ஆறடி அகலம், தரையிலிருந்து ஏறக்குறைய 34 அங்குல உயரம் என்ற மேசையின் அளவு பெரியவர்களின் உடம்புக்கு வகுத்தது. சிறுவர் போட்டிக்காக யாரும் அதைக் குறைப்பதில்லை. சில ஆண்டுகளுக்கு முன் ஒரு கிளப்பில் ஒரு சிறுவன் நடு மேசையில் நின்ற நீலப் பந்துக்கு எட்டுவதைப் பார்த்தேன். வயிறு மரச்சட்டத்தின் மேல் அழுந்த, இடது கால் காற்றில் நீள, வலது காலின் பெருவிரல் நுனி மட்டும் தரையைத் தொட்டுக்கொண்டிருந்தது. அதுவும் எழும்பிவிட்டால் தவறு. எதிராளிக்கு ஐந்து புள்ளி. நடுவர் குனிந்து பந்தைப் பார்க்காமல் அந்தப் பெருவிரலையே பார்த்துக்கொண்டு நின்றார். பையன் அடித்தான், விழவில்லை. ஆனால் மேசையை விட்டு இறங்கும்போது அவன் முகத்தில் இருந்த யோசனையை மறக்க முடியாது. அடுத்த முறை இதே இடத்தில், கை எட்டாதபோது கியூவைத் தாங்கும் ரெஸ்ட் கோலை எடுக்க வேண்டும் என்று அவன் அங்கேயே கற்றுக்கொண்டான். ஓரிரண்டு ஆண்டில் உங்கள் பேரன் சில அங்குலம் வளர்வான். நிற்கும் நிலை, குனியும் கோணம், தாடைக்கும் கியூவுக்கும் உள்ள இடைவெளி எல்லாமே மாறும். இன்று தோற்றவனும் அன்று ஆடப்போகிறவனும் உடம்பால் ஒரே ஆள் அல்ல. இந்த வயதில் முதல் சுற்றுத் தோல்வியை வைத்துத் தீர்ப்பு எழுதுவதை நான் ஏற்காததற்கு முதல் காரணம் இதுதான்.

பில்லியர்ட்ஸ் விஷயத்தில் பயிற்சியாளர் பக்கம் நிற்கிறேன். ஸ்டீவ் டேவிஸ் ஆறு முறை உலக சாம்பியன் ஆனவர். இளையோர் காலத்தில் அவர் வென்ற பட்டம், 1976இல் இங்கிலாந்தின் 19 வயதுக்குட்பட்டோருக்கான பில்லியர்ட்ஸ் பட்டம். நம் பங்கஜ் அத்வானியும் சிறுவர் தேசிய பில்லியர்ட்ஸில் வென்றபின்பே 2003இல் 18 வயதில் உலக அமெச்சூர் ஸ்னூக்கர் பட்டத்தை எடுத்தார். ஸ்னூக்கரில் அடித்த பந்து குழிக்குள் போனால் பையனுக்கு மகிழ்ச்சி பொங்கிவிடும். தன் வெள்ளைப் பந்து எங்கே போய் நின்றது என்று பார்க்கமாட்டான். பில்லியர்ட்ஸில் மேசையில் இருப்பதே மூன்று பந்துகள். ஒன்றை அடித்தபின் மற்ற இரண்டும் எங்கே நிற்கும் என்று கணக்கிடாமல் அடுத்த புள்ளியே வராது. பந்தின் வேகத்தையும், மேசை ஓரத்துப் பட்டையில் மோதித் திரும்பும் கோணத்தையும் கைக்குக் கற்றுத்தர இதைவிட நல்ல வழி எனக்குத் தெரியவில்லை.

பேரனிடம் ஒரு சிறு சோதனை சொல்லுங்கள். வரும் வாரம் பில்லியர்ட்ஸ் மேசையில் சிவப்புப் பந்தை அதற்கென மேசையில் குறித்த புள்ளியில் வைத்து, குழியில் போட்டு, வெள்ளைப் பந்தை மீண்டும் அதே கோணத்துக்குக் கொண்டுவர வேண்டும். தொடர்ந்து எத்தனை முறை முடிகிறது என்பதை அவனே ஒரு நோட்டில் எழுதட்டும். ஒரு மாதம் கழித்து அந்த எண்களை எனக்கு அனுப்பச் சொல்லுங்கள், காத்திருப்பேன்.

அன்புடன்.